அம்மாவுக்கு மலை போடுங்க

உயிரோடு இருப்பவர்கள் என்னிடம் படம் வரையச் சொல்லி வருவது அபூர்வம். அவர்கள் கையில் போன் இருக்கிறது. முகத்தில் பரு இருந்தால் அழிப்பதற்கு அதற்குள்ளேயே வசதியும் இருக்கிறது. என்னைத் தேடிப் புனேயின் கட்கிக்கு வருபவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள். ஆதார் கார்டு போட்டோவையோ, யார் வீட்டுக் கல்யாணப் பந்தியிலோ அப்பளத்தைக் கடிக்கும்போது எடுத்த போட்டோவையோ கொண்டுவந்து, "இதைப் பாத்து அப்பாவைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி போட்டுக் குடுங்க மேடம்" என்பார்கள். வாழ்நாளில் ஒருதரம்கூடச் சிரிக்காத எத்தனையோ பேரை நான் ஆயில் பெயிண்டில் சிரிக்க வைத்திருக்கிறேன். புனேயில் எனக்குத் தெரிந்த தமிழர் வீடுகளில் மாலை போட்டுக்கொண்டு சுவரில் தொங்கும் பெரியவர்களில் பாதிப் பேர் என் கைவேலை.

அதற்கு முன்னால் இருபத்தேழு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். அப்பா இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் பிறந்தது, படித்தது, கட்டிக்கொண்டது, வேலை பார்த்தது எல்லாம் கட்கியைச் சுற்றித்தான். 'ஓர் இயற்கைக் காட்சி வரைக' என்று போர்டில் எழுதினால் மராத்திப் பிள்ளையானாலும் தமிழ்ப் பிள்ளையானாலும் ஒரே படத்தைத்தான் போடும். இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச் சூரியன், அங்கிருந்து இறங்கி வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, டிக் அடித்த மாதிரி நாலு பறவை. பத்துக்கு ஏழு போட்டுவிடுவேன். ரிடையர் ஆனபோது இனி அந்த மலையின் முகத்திலேயே முழிக்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தது.

போன வருஷம் ஒருவர் போன் செய்தார். ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வைஸ் பிரசிடெண்டாம். மே கடைசியில் ரிடையர் ஆகிறாராம். விமான் நகர் வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு அவருடைய உருவப்படம் வேண்டும். "நேர்ல பேசலாம் மேடம், ஒரு சின்ன ப்ரெசன்டேஷன் வெச்சிருக்கேன்" என்றார். படம் போடப்போவது நான், ப்ரெசன்டேஷன் அவருக்கு எதற்கு என்று புரியாமலே கிளம்பினேன். கட்கியிலிருந்து ஹிஞ்சேவாடிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் ஓர் ஆளின் தலையை மூக்கு வரைக்கும் முடித்திருக்கலாம்.

ஆபீஸ் கேன்டீனில் லேப்டாப்பைத் திறந்தார். முதல் பக்கத்தில் 'என் வாழ்க்கை: ஒரு நிலக்காட்சி' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. "வெறும் மூஞ்சி வேணாம் மேடம். பின்னாடி லேண்ட்ஸ்கேப் இருக்கணும். அதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு மீனிங் இருக்கணும்" என்றார். அடுத்த பக்கத்தில் ஆலமரம் வந்தது.

"இது நான். நிறையப் பேருக்கு நிழல் குடுத்திருக்கேன்."

ஆலமரத்தடியில் ஒரு புல்லும் முளைக்காது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்தது தாமிரபரணி. அது அவருடைய வேர். கடைசியாக அதை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். ரயில் பாலத்தில் போகும்போது பார்த்ததாகவும், அப்போது ஒரு போன் கால் வந்துவிட்டதாகவும் சொன்னார். அடுத்தது கழுகு, அது தொலைநோக்கு. அதைச் சொல்லும்போது திரையில் இருந்த எழுத்தைப் படிக்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டார். அதன்பின் படிக்கட்டு, பதினோரு படி, ஒவ்வொன்றும் ஒரு பிரமோஷன். எண்ணிப் பார்த்துச் சரியாகப் போடச் சொன்னார். பிறகு கடக்வாஸ்லா அணை.

"எனக்குக் கோபம் ஜாஸ்தி மேடம். ஆனா எல்லாத்தையும் உள்ளயே கட்டுப்படுத்தி வெச்சிப்பேன். அதுக்குத்தான் டேம்" என்றார். சொல்லி முடிக்கவில்லை, காபியில் சர்க்கரை போட்டுவிட்டதற்காகக் கேன்டீன்காரரை ஹிந்தியில் ஒரு பிடி பிடித்தார். மதகு திறந்த சத்தத்தில் பக்கத்து மேஜையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

கடைசிப் பக்கம் சூரியன். "இது மறையற சூரியன் இல்ல, கவனிச்சுக்கங்க. ரிடையர்மென்ட்னா எல்லாரும் சன்செட்னு நினைக்கறாங்க. எனக்கு இது சன்ரைஸ்."

"படத்துல பாதிச் சூரியனைப் போட்டா அது ஏறுதா இறங்குதான்னு எப்படி சார் தெரியும்?"

"அதுக்குத்தானே ஆர்ட்டிஸ்ட்கிட்ட வந்திருக்கேன்" என்றார்.

மொத்தத்தில் மலை ஒன்றுதான் குறை. மற்றபடி என்னுடைய ஐந்தாம் வகுப்பு பி பிரிவு வருஷா வருஷம் போட்டுக் கொடுத்த அதே படம்தான். அவர் கொஞ்சம் பாஷையைச் சேர்த்திருந்தார், அவ்வளவே. எழுந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு பக்கத்தில் கழுகுக்கே ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தவர் மனைவியைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை.

"வீட்ல அம்மா படத்துல வரணுமா சார்?"

"ஆங், அது... அந்த போர்ஷனைப் பையன்கிட்ட குடுத்திருக்கேன். அவன் வாட்ஸாப்ல சொல்லுவான்."

பையன் இரண்டு நாள் கழித்துச் சொன்னான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதுக்குள் போகும், வாய் வழியாகப் பாதி வரும், கண்ணுக்கு மட்டும் எட்டாது. ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். 'ஆன்ட்டி, அம்மாக்கு' என்று ஆரம்பித்து, எம், ஏ, எல், ஏ, ஐ என்று ஐந்து எழுத்து, அதற்குப் பிறகு 'போடுங்க. அப்பாக்குப் பின்னாடி. சிம்பிளா போதும்.'

அந்த ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆங்கிலத்துக்குக் குறிலும் நெடிலும் ஒன்று, லகரமும் ழகரமும் ஒன்று. ஹிந்திக்காரர் படித்தால் மலாய், அதாவது பாலாடை. நாம் படித்தால் மலை, மாலை, மழை, எது வேண்டுமானாலும். அம்மாவுக்கு மழை போடுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கு மலை போடுங்கள் என்று உலகத்தில் எந்தப் பிள்ளையும் சொல்ல மாட்டான் என்று அன்றைக்கு நான் திடமாக நம்பினேன். அம்மாவுக்கு மாலை போடுங்க என்பது நான் தினமும் கேட்கிற வாக்கியம். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

பாவம், தாயில்லாப் பிள்ளை என்று மனசு இளகிவிட்டது. 'ரொம்ப வருத்தமா இருக்குப்பா' என்று எழுதினேன். 'பரவால்ல ஆன்ட்டி, அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க' என்று பதில் வந்தது. எவ்வளவு பக்குவம் என்று வியந்தேன். கூடவே ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். இருபது வருஷத்துக்கு முந்தியது. ஒரு பூங்காவில் அந்த அம்மா மட்டும் நிற்கிறார், மூக்குத்தி, பருத்திப் புடவை, எடுக்கிறவர் நேரத்தை இழுத்துவிட்டாரோ என்னவோ, புருவத்தில் ஒரு சின்ன எரிச்சல். வேறு போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். 'இல்ல ஆன்ட்டி, எங்க ஃபேமிலில எப்பவும் அம்மாதான் போட்டோ எடுப்பாங்க' என்றான்.

எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று வைஸ் பிரசிடெண்டுக்குப் போன் போட்டேன். இதில்தான் நம் பாஷையின் நாகரிகம் என்னைக் கவிழ்த்தது. செத்தார் என்ற சொல்லை வாயில் வரவிட மாட்டோம் அல்லவா. நானும் மென்று விழுங்கி, "அம்மா போயி எவ்வளவு நாளாச்சு சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் ஆச்சு மேடம்." பெருமூச்சு விட்டார். "வீடே வெறிச்சுனு இருக்கு."

"திடீர்னா சார்?"

"ஆமா. டேட் முன்னாடியே வந்துடுச்சு. யாரும் எதிர்பார்க்கல."

நாள் முன்னாலேயே வந்துவிட்டது. எவ்வளவு நிதானமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார், மனிதரைத் தப்பாக எடை போட்டுவிட்டோமே என்று நொந்துகொண்டேன். "மனசைத் தேத்திக்கங்க" என்றேன். "மத்ததெல்லாம் சமாளிச்சிடலாம் மேடம், காபிதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

வேலையை ஆரம்பித்தேன். ஆலமரம், ஆறு, அணை, பதினோரு படி, கழுகு எல்லாம் கேட்டபடி வந்து உட்கார்ந்தன. நட்ட நடுவில் கோட்டு சூட்டில் வைஸ் பிரசிடெண்ட். அவர் கொடுத்த போட்டோ கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் முகம் வழவழவென்று இருந்தது, எங்கேயும் தூரிகை நிற்க இடமில்லை. வலது பக்கம் ஆலமரத்தின் அடியில் ஒரு கல்தூண், அதில் சாய்த்து வைத்த ஒரு சட்டம், சட்டத்துக்குள் அந்த அம்மாவின் முகம், சுற்றி ஒரு சாமந்தி மாலை, கீழே ஓர் அகல். மாலையைக் கத்தியால் பெயிண்டை அள்ளி அப்பி, ஒவ்வொரு பூவும் கைக்குத் தட்டுப்படும்படி போட்டேன். முகத்தை மட்டும் மெல்லிசாக, பொறுமையாகச் செய்தேன். அந்தப் புருவ எரிச்சலை விடவில்லை. நாலு நாள் ஆனது. இவ்வளவு வருஷத்தில் நான் போட்ட முகங்களில் அதுதான் நல்ல முகம் என்று எனக்கே தெரிந்தது, சந்தோஷமாக இருந்தது.

நன்றாகக் காய்ந்த பிறகு டெம்போவில் ஏற்றிக்கொண்டு விமான் நகர் போனேன். பதினோராவது மாடி. மணியை அடித்தேன். உள்ளே ஹாலிலிருந்து, கதவுக்கு நாலு அடி தூரத்திலிருந்து ஆண் குரல் கேட்டது. "பெல் அடிக்குது பாரு."

எங்கேயோ உள்ளே ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம், பிறகு நடக்கிற சத்தம், கதவு திறந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் படம் நின்றது. இருபது வருஷம் கூடியிருந்தது. மூக்குத்தி அதேதான், புருவமும் அதேதான்.

வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாச்சு, லிஃப்ட்ல வந்தது தலை சுத்துதா? உள்ள வாங்க, தண்ணி கொண்டாரேன்" என்றார் அந்த அம்மா. சுத்தமான அம்பாசமுத்திரத்துத் தமிழ். சோபாவில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்த வைஸ் பிரசிடெண்ட் எனக்குக் கையை ஆட்டிவிட்டு, பேச்சை முடிக்க உள் அறைக்குப் போய்விட்டார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, "நீங்க... போயிருந்தீங்கன்னு..." என்று இழுத்தேன்.

"ஆமா, மெல்பர்ன்ல மக பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு மூணு வாரம் முந்தியே ஆயிட்டு. அரக்கப்பரக்க ஓடினேன். போன வாரம்தான் வந்தேன். படம் இதுவா? பிரிங்க, பாப்போம்."

பிரிக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. அந்த அம்மாவே கயிற்றை அவிழ்த்தார். பார்த்தார். கணவரை ஒரு பார்வை, கழுகை ஒரு பார்வை, பிறகு வலது பக்கம் போய் நின்றுவிட்டார். நான் அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பையனின் மெசேஜ், ஐந்து எழுத்து, நான் வாசித்த விதம், போனில் கேட்டது, காபி.

காபியைச் சொன்னபோது சிரித்தார். சத்தமாகத்தான் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு கேட்டார், "அப்ப பையன் என்னை என்னவா போடச் சொல்லியிருக்கான்? மலையாவா?"

"அப்படித்தான் இருக்கணும். பொறுமை, உறுதி, அந்த மாதிரி..."

"வெளக்கு அணைஞ்சா மலையேறிட்டுன்னு சொல்லுவோம்லா. மலைன்னா என்ன, மாலைன்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதான்." விரலை நீட்டி, முகத்தைத் தொடாமல், சட்டத்தை மட்டும் தொட்டார். "முப்பத்துநாலு வருஷமா இந்தக் குடும்பத்தோட போட்டோவை எல்லாம் நான்தான் எடுக்கேன். சுவத்துல என் மூஞ்சி ஏறுதது இதுதான் மொத தடவை. எனக்கு எவ்வளவு ஆசையா இருக்கு தெரியுமா? செத்தாத்தான் ஏத்துவீங்களோ?"

அதற்குள் வைஸ் பிரசிடெண்ட் வந்தார். படத்தைப் பார்த்தார். முதலில் படிகளை எண்ணினார் என்று சத்தியமாகச் சொல்கிறேன், உதடு அசைந்தது. பதினொன்று சரியாக இருந்த திருப்தியோடு வலது பக்கம் வந்தவர், மாலையைக் கண்டதும் கடக்வாஸ்லாவின் எல்லா மதகையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டார். அபசகுனம் என்றார். சுமங்கலிக்கு மாலையா என்றார். நாலு பேர் வருகிற பார்ட்டியில் இதைக் காட்டினால் தன் மானம் என்ன ஆகும் என்றார். பையனை வீடியோ காலில் கூப்பிட்டார். அவன் ஹிஞ்சேவாடியில் கம்பெனி வண்டியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, நான் மலாய்னுதானே சொன்னேன்" என்றான். "மௌன்டன், மௌன்டன். மலாய்." எழுத்தில்தான் சிக்கல் என்று நினைத்தேன், வாயிலும் அதே ஐந்து எழுத்துதான் இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறேன். இங்கே அம்மாவைப் பிடிக்கப் பாலாடை.

"சரி, ஆனது ஆச்சு. அந்த மூலையை அப்படியே ஒரு மலையைப் போட்டு மூடிடுங்க" என்றார் வைஸ் பிரசிடெண்ட்.

அந்த அம்மா பேசினார். "மாலைய எடுக்கட்டும். சட்டத்தையும் எடுக்கட்டும். மூஞ்சி இருந்துட்டுப் போகட்டுமே. மரத்தடில நான் உக்காந்திருக்க மாதிரி."

வைஸ் பிரசிடெண்ட் மனைவியைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார். "ரெண்டு மூஞ்சி இருந்தா ஃபோகஸ் போயிடும்மா. இது என் ரிடையர்மென்ட். மலைன்னா உனக்குப் பெருமைதானே? எல்லாரும் கேட்டா நானே சொல்லுவேன், இது என் வைஃப்னு."

"ஒரு தடவை கேட்டுப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனார். காபி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அத்தனை மாசம் அது இல்லாமல் தவித்தது நியாயம்தான் என்று பட்டது, அப்படிப் பட்டதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

டெம்போவில் திரும்பி வரும்போது வைஸ் பிரசிடெண்டை மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே வந்தேன். ஏர்வாடா தாண்டியதும் திட்டு நின்றது. நான் மட்டும் என்ன செய்திருப்பேன்? பையன் ஒழுங்காகத் தமிழில் மலை என்று எழுதியிருந்தால்? ஏன்ப்பா, உயிரோடு இருக்கிற பெண்பிள்ளையை எதற்கு மலையாக்க வேண்டும் என்று கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். ஊதாவும் சாம்பலும் கலந்து அரை மணியில் ஒரு முக்கோணத்தைப் போட்டு, பத்துக்கு ஏழு என்று மனசுக்குள் மார்க்கும் கொடுத்து நகர்ந்திருப்பேன். செத்துவிட்டார் என்று நினைத்ததால்தான் அந்த முகத்துக்கு நாலு நாள் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கம் வந்தால் சாமர்த்தியமும் கூடவே வந்துவிடும் எனக்கு. வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்து மாலையைச் சுரண்டினேன். கெட்டியாக அப்பியிருந்ததால் அதை விட்டுவைத்தால் மலையின் மேல் பூப்பூவாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். சட்டம், அகல் எல்லாம் போயின. முகம் மெல்லிசான பூச்சு, அதைச் சுரண்ட அவசியமில்லை. சுரண்டவில்லை. பார்ட்டிக்கு முந்தின நாள் காலையில் டர்பென்டைனில் தண்ணீராகக் கரைத்த நீலச் சாம்பலை அதன் மேல், முகம் மறைகிற அளவுக்கு, ஒரே ஒரு கை பூசினேன். ஆயில் பெயிண்டில் ஒரு குணம் உண்டு. மேலே மெல்லிசாகப் பூசினது வருஷம் போகப் போகக் கண்ணாடி மாதிரி ஆகும், அடியில் இருப்பது மெல்ல மேலே தெரியவரும். பத்து வருஷமோ, இருபதோ, முப்பதோ கழித்து ஒருநாள் அந்த மலைக்குள்ளிருந்து அவர் மனைவி அவரை முறைத்துப் பார்ப்பார். பெரிய புரட்சி செய்துவிட்ட நினைப்பில் அன்றைக்கு மத்தியானம் இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் நாலு மணிக்கே படத்தைக் கொண்டுபோய் ஹாலில் மாட்டினேன். வைஸ் பிரசிடெண்ட் மலையைப் பார்த்துத் தலையை ஆட்டினார், "இப்பதான் பேலன்ஸ் வந்திருக்கு" என்றார், கோட்டு மாட்டிக்கொள்ள உள்ளே போனார். நான் சமையலறைக்குப் போய் அந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து படத்தின் முன்னால் நிறுத்தி, என் ரகசியத்தைக் காதில் சொன்னேன். முகத்தை அழிக்கவில்லை, அடியில் அப்படியே இருக்கிறது, காலம் போகப் போகத் தானாக வெளியே வரும்.

கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். புருவத்தில் நான் நாலு நாள் கஷ்டப்பட்டு வரைந்த அந்த எரிச்சல் இருந்தது.

"எத்தன வருஷத்துல வரும்?"

"சரியா சொல்ல முடியாது. பத்து... இருபதும் ஆகலாம்."

"அதுக்குள்ள நான் நிசமாவே மாலை போட்டுக்கிட்டுல்லா இருப்பேன்?" என்றார். "ஏற்கெனவே முப்பத்துநாலு வருஷம் அடியிலதான் இருக்கேன். இன்னும் இருபது வருஷம் இருன்னு சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டு வந்தீங்களா அக்கா?"

என் புரட்சி அங்கேயே வற்றிப் போனது.

அவர் மலையின் ஓரத்தில் சுண்டுவிரலை வைத்து எடுத்தார். விரல் நீலமாக வந்தது. "காயலையா?"

"நேத்துதான் பூசினேன்."

"தொடைச்சா வருமா?"

"மேல இருக்கறது மட்டும் வரும். அடியில காஞ்சு ரெண்டு மாசமாச்சு. ஆனா டர்பென்டைன் வேணும்."

என் கைப்பையில் டர்பென்டைன் புட்டி இருந்தது. கடைசி நேரத் திருத்தத்துக்கு எப்போதும் வைத்திருப்பேன். அவர் என் பையைப் பார்த்தார், கையை நீட்டினார். கொடுக்கலாமா என்று நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஹாலின் அந்தப் பக்கம் மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தேன், என் பெயர் விமான் நகர் முழுக்க என்ன ஆகும் என்று நினைத்தேன், புட்டியைக் கொடுத்தேன்.

சமையலறைப் பிடிதுணியில் ஊற்றிக்கொண்டார். அடுப்பு மேடையைத் துடைக்கிற மாதிரி, அவசரமில்லாமல், மேலிருந்து கீழே துடைத்தார். முதலில் நெற்றி வந்தது. பிறகு புருவம். துணியைத் திருப்பிப் போட்டு மூக்குத்தியைத் துடைத்தார். கன்னத்தோரம் நீலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது, அதை விட்டுவிட்டார். தலைக்குப் பின்னால் மலை மிச்சம் இருந்தது, முன்னால் அவர் இருந்தார். மாலை இல்லை, சட்டம் இல்லை. அவ்வளவு நல்ல முகத்தை மூடிவைத்தவள் நான்தான் என்பது பக்கத்தில் நின்று பார்க்கும்போது சுருக்கென்று இருந்தது.

அறைக் கதவு திறந்தது. வைஸ் பிரசிடெண்ட் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, பார்த்து, பாதிப் பொத்தானில் நின்றார்.

"என்ன இது? மலை எங்க?"

அந்த அம்மா துணியை நாலாக மடித்தார். "மலை எதுக்கு? நான்தான் வந்துட்டேன்லா" என்றார்.

வைஸ் பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார். நான் கழுகைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபோது வாசல் மணி அடித்தது. வெளியே விருந்தாளிகளின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. திறந்த வாயிலிருந்து பழக்கத்தில் வந்தது அதுதான்.

"பெல் அடிக்குது பாரு."

அந்த அம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மணிக்கட்டு வரைக்கும் நீலம். மணி மறுபடி அடித்தது. வைஸ் பிரசிடெண்ட் மிச்சப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறக்க அவரே போனார்.